மூன்றாம் விருப்பம்

கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர்களில் தன்னுடைய பட்டப்படிப்பைத் தானே தேர்ந்தெடுத்த மனிதன் இதுவரை ஒருவன்தான் இருக்கிறான், அது நான்தான் என்று செந்தமிழ்செல்வன் சொல்வான். சொல்லும்போது சிரிக்க மாட்டான். சிதம்பரம் தெற்கு வீதியில் சிற்சபேசனுடைய ஜெராக்ஸ் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துகொண்டு, தேர்தல் முடிவை அறிவிக்கிற அதிகாரியின் முகத்தோடு சொல்வான். "அப்ப மத்தவங்கள்லாம்?" என்று யாராவது கேட்டால், "மத்தவங்களுக்கு மாமா தேர்ந்தெடுத்தாரு" என்பான்.

அவனிடம் ஆதாரம் இருந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கல்லூரி விண்ணப்பங்கள் மூடுகிற கடைசி நாள் வரை ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பங்கள் போடுகிறவன் அவன். புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் வருகிற விதம் ஒன்றுதான். முதலில் மாமா வருவார். தாய்மாமனாக இருக்கலாம், அத்தை வீட்டுக்காரராக இருக்கலாம், உறவே இல்லாமல் தெருவில் நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தவராகவும் இருக்கலாம். அந்த ஒரு நாளைக்கு அவர் மாமா. கடையில் இருக்கிற ஒரே நாற்காலியில் அவர் உட்காருவார். படிக்கப்போகிற பிள்ளை மார்க் ஷீட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நிற்கும். அப்பா வெளியே வண்டியைப் பார்த்துக்கொள்வார். "பேரு?" என்று செல்வன் கேட்டால் பிள்ளை வாயைத் திறக்கும், பதில் மாமாவிடமிருந்து வரும். பிறந்த தேதிக்கு மட்டும் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

பாடப்பிரிவு என்கிற கட்டம் வந்ததும் மாமா நாற்காலியின் நுனிக்கு வருவார். முதுநகர் பக்கத்து மாமாக்கள் கெமிஸ்ட்ரி போடச் சொல்வார்கள். சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது, மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். விருத்தாசலம் பக்கத்து மாமா ஒருவர் தாவரவியல் போடச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, எங்களுக்கு நாலு ஏக்கர் முந்திரி இருக்கிறது என்றார். இன்னொருவர், தன் சிநேகிதர் மகள் என்னவோ படித்துவிட்டுப் பெங்களூரில் இருக்கிறாள், அதையே போடு என்றார். அது என்ன படிப்பு என்று தெரிந்துகொள்ளப் பெங்களூருக்கு ஃபோன் போட்டார்கள். மூன்று முறை அடித்தும் அந்தப் பெண் எடுக்கவில்லை. பி.பி.ஏ. என்று முடிவானது. வரலாறு படிக்கிறேன் என்று வாய் திறந்து சொன்ன ஒரு பையனிடம், "அதுல என்னடா இருக்கு, எல்லாம் நடந்து முடிஞ்சது" என்று ஒரு மாமா சொன்னார்.

இவற்றையெல்லாம் டீ நேரத்தில் செல்வன் நடித்துக் காட்டுவான். நாற்காலியின் நுனிக்கு வருகிற அந்த நகர்வை அவன் செய்தால் சிற்சபேசன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். இதற்கென்று செல்வனிடம் ஒரு வித்தையும் உண்டு. முதல் விருப்பத்தை நிரப்புவதற்கு முன்னால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுவான். மாமாவின் தோளுக்கு மேலாகப் பார்த்து, பின்னால் நிற்கிற பிள்ளையிடம், "நீ என்ன படிக்கணும்னு நெனைக்கிற?" என்பான். ஜெராக்ஸ் மிஷின் மட்டும் ஓடும். பிள்ளை மாமாவின் பின்னந்தலையைப் பார்க்கும். செல்வன் சிற்சபேசனைப் பார்ப்பான். ஒரு முறை ஒரு பெண் அழுதுவிட்டாள். அதையும் அவன் ஆதாரத்தில் சேர்த்துக்கொண்டான்.

அவன் தேர்ந்தெடுத்தது மொழியியல். அதில் பொய் இல்லை. மங்கலம்பேட்டையில், ஒரே கடைத்தெருவில், ஒரே உப்பை நாலு விதமாகக் கேட்கிற மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவன். யார் எந்தத் தெரு என்று குரலை வைத்தே சொல்லிவிடுவான். பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் வாங்கப் போன அன்று, இதைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது என்று பலகையில் பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தாய்மாமன் இல்லை, அப்பாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை, தமிழ் என்று நினைத்துக்கொண்டு சரி என்றார். ஐந்து வருடம் படித்தான். வகுப்பில் முதலாவதாக வந்தான். வகுப்பில் ஏழு பேர். பிறகு எட்டு மாதம் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் கிராமம் கிராமமாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தான். அவன் வாழ்க்கையில் அந்த எட்டு மாதம்தான் காலையில் எழுந்ததும் எழுந்ததற்குக் காரணம் இருந்தது. திட்டம் முடிந்தது. விரிவுரையாளர் தகுதித் தேர்வை மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் தேர்ச்சி கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் நின்றது. அதற்கிடையில் ஒரு மே மாதம், சீசனுக்கு மட்டும் என்று இந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் வந்தான். உள்ளே வர ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். நாலு வருடத்தில் அவன் வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. வெளியே போவது ஒவ்வொரு சீசனுக்கும் சிரமமாகிக்கொண்டு வந்தது.

வீட்டில் கேட்டால், யுனிவர்சிட்டி அட்மிஷன் சம்பந்தப்பட்ட வேலை என்று சொல்லியிருந்தான். அதிலும் பொய் இல்லை.

அன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். காலை பத்து மணிக்கு முதுநகரிலிருந்து அக்கா புஷ்பவள்ளி ஃபோன் செய்தாள்.

"ஸ்ரீமதிய பஸ் ஏத்திவுட்டுட்டேன்டா. பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துரும்."

"என்ன படிக்கப்போறாளாம்?"

"எங்ககிட்ட வாயத் தெறக்க மாட்டேங்குது. மாமாகிட்டதான் சொல்லுவேன்னு நிக்கிது. அவரு நர்சிங்கு, டீச்சருன்னு நாலு சொல்லிப் பாத்தாரு. கடைசில, ஒந்தம்பி என்னா சொல்றானோ அதுதான், நம்ம ரெண்டு வூட்லயும் படிச்சவன் அவன்தான்னுட்டு ஷிப்ட்டுக்குக் கெளம்பிட்டாரு."

அக்கா வீட்டுக்காரர் ராஜவேல் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. மகளைப் பற்றி மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசினார் என்றால் அதுவே பெரிய விஷயம்.

"நான் என்னக்கா சொல்றது? அவ படிக்கப்போறா. அவ சொல்றதத்தான் போடுவேன்."

"அதான்டா. அவ ஒன்ன நம்பித்தான் இருக்கா. நாங்களும்தான்."

ஃபோனை வைத்துவிட்டுச் செல்வன் சிற்சபேசனிடம், "இன்னிக்கு ஒரு பொண்ணு வரும் சார். மாமா இல்லாம வரும். தானே சொல்லும். பாருங்க" என்றான்.

"மாமாதான் உள்ள ஒக்காந்திருக்கியேப்பா" என்றார் சிற்சபேசன்.

பன்னிரண்டரைக்கு ஸ்ரீமதி வந்தாள். ஆனித் தேருக்காக வீதியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். புழுதிக்குத் துப்பட்டாவால் மூக்கை மூடியபடி, கடைப் பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமா கண்ணாடித் தடுப்புக்குள் இருப்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று நின்று, பிறகு நகர்ந்தது.

"இங்கதான் இருக்கீங்களா மாமா?"

"சும்மா. சீசனுக்கு."

"நாலாவது சீசன்" என்றார் சிற்சபேசன், நல்லெண்ணத்தோடு.

செல்வன் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னான். பெஞ்சில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த கொளஞ்சி என்கிற மாமாவும், பின்னால் அவருடைய அக்கா மகளும் முறைக்குக் காத்திருந்தார்கள். மாமா இல்லாத நாற்காலியைக் கொளஞ்சி உடம்பு சரியில்லாதவர் இருக்கிற வீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள். எல்லாவற்றையும் ஸ்ரீமதியே சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் செல்வனுக்குப் பெருமை ஒரு படி ஏறியது. பாடப்பிரிவு வந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். சிற்சபேசன் பார்க்கிறார் என்பதை உறுதி செய்துகொண்டான்.

"நீ என்ன படிக்கணும்னு நெனைக்கிற?"

"மொழியியல்" என்றாள் ஸ்ரீமதி.

ஜெராக்ஸ் மிஷின் ஓடியது. சிற்சபேசன் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அதே பக்கத்தை வைத்தார்.

"அப்டின்னா?" என்றார் கொளஞ்சி பெஞ்சிலிருந்து.

"மாமா படிச்சது" என்று ஸ்ரீமதி அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். கொளஞ்சி செல்வனைப் பார்த்தார், கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார், பிரிண்டருக்கு மேல் இருந்த அவன் டிபன் டப்பாவைப் பார்த்தார்.

ஸ்ரீமதி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். துறைமுகத்தில் மீன் விற்கிற இருசம்மாளிடம் உட்கார்ந்து எழுதியது. காற்றுக்கு மட்டும் பதினோரு பெயர்கள் வைத்திருந்தாள். வாடை, கொண்டல், கச்சான் என்று வரிசையாக எழுதி, எந்தக் காற்றில் படகுக்காரர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று அம்புக்குறி போட்டிருந்தாள். "இது பாருங்க மாமா. இருசம்மாக்கா யாவாரத்துக்கு ஒரு மாதிரி பேசுது, தங்கச்சிகிட்ட வேற மாதிரி பேசுது, போலீஸ்காரரு வந்தா மூணாவது மாதிரி. ஒரே வார்த்தைதான், கடைசியில மட்டும் மாறுது. அதை மட்டும் தனியா எழுதிருக்கேன்." மூன்று பத்தி பிரித்து எழுதியிருந்தாள். இப்படிப் பிரிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செல்வன் அதை ஐந்து வருடப் படிப்பின் மூன்றாம் வருடத்தில்தான் கற்றான். அவன் பக்கத்தைத் திருப்பினான். அடுத்த பக்கமும் அப்படியே இருந்தது. நோட்டு முழுவதும் அப்படியே இருந்தது.

"நல்லாருக்கு" என்றான்.

"நீங்கதான மாமா சொன்னீங்க. பிடிச்சதப் படிச்சா மத்ததெல்லாம் பின்னாலயே வரும்னு."

சொல்லியிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு முதுநகர் போயிருந்தபோது, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

"சொன்னேன்."

"ஒங்களுக்கு என்னல்லாம் வந்துச்சு?"

அவள் குத்திக் கேட்கவில்லை. பயணம் போகிறவள் எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று விசாரிப்பது போலக் கேட்டாள். இங்கே ஒரு வாக்கியம் போதும் என்று செல்வனுக்குத் தெரிந்தது. ஒண்ணும் வரல ஸ்ரீமதி, இந்தத் தடுப்புதான் வந்துச்சு என்று சொல்லிவிட்டால், மீதியை அவளே யோசித்துக்கொள்வாள். யோசித்து, தெரிந்தே அதைப் போட்டாலும் அது அவள் போட்டதாக இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது சிற்சபேசனுக்கும், கொளஞ்சிக்கும், முக்கியமாக நோட்டைத் திறந்து வைத்திருக்கிற இந்த ஒரு ஆளுக்கும் முன்னால். மாவட்டத்திலேயே அவனைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

"வந்துகினு இருக்கு" என்றான்.

அவள் தலையாட்டினாள். அவன் பட்டியலை இறக்கி, முதல் விருப்பம் என்கிற கட்டத்தில் மொழியியல் என்று வைத்தான். மற்ற இரண்டுக்கும் என்ன என்று கேட்டதற்கு, "அதான் ஃபர்ஸ்ட்டே கெடைச்சிருமே மாமா, நீங்களே எதனாச்சும் போடுங்க" என்றாள். கிடைத்துவிடும். அவளுடைய மதிப்பெண்ணுக்கு அந்தத் துறையில் சிவப்புக் கம்பளமே விரிப்பார்கள். ஏழு பேர் படிக்கிற வகுப்பு.

அவள் கொண்டுவந்த புகைப்படம் பள்ளிச் சீருடையில், நீலப் பின்னணியில் இருந்தது. வெள்ளைப் பின்னணிதான் வேண்டும் என்று இணையதளம் திருப்பி அனுப்பியது. இரண்டு கடை தள்ளி ஒரு ஸ்டுடியோ இருந்தது. "போயி எடுத்துக்கிட்டு வா. அவன எனக்கு மெயில்ல அனுப்பச் சொல்லு" என்று செல்வன் அவளை அனுப்பினான். நோட்டை மூடி அவனிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

"என்ன தம்பி, எங்குளுது ஆவுமா?" என்றார் கொளஞ்சி. "மணி ஆவுது. ஜாஸ்தி ஒண்ணுமில்ல. கனிமொழிக்கு பி.காம். போட்டுவுட்டீங்கன்னா கெளம்பிடுவோம்."

பின்னால் நின்ற கனிமொழி தரையைப் பார்த்தாள். வழக்கமாக இங்கேதான் செல்வன் தோளுக்கு மேலாகப் பார்த்துக் கேட்பான். சிற்சபேசன் அதை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

"பி.காம். படிச்சா வேலை கெடைக்குதாங்க?" என்று செல்வன் கொளஞ்சியிடம் கேட்டான்.

கொளஞ்சி முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தார். செல்வனின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். "என்னா தம்பி இப்புடிக் கேட்டுட்டீங்க. இதுக்கு மூத்தது அதான படிச்சிது. சீர்காழில ஒரு ஆடிட்டர்கிட்ட ஒக்காந்திருக்குது. கெழம மாறாம காலைல ஏழு மணி பஸ்ஸு, ராத்திரி ஏழு மணி பஸ்ஸுல வூடு. மாப்ள வூட்ல கேட்டாகூட சொல்றதுக்கு ஒரு பேரு இருக்கு பாருங்க." நாற்காலியின் நுனிக்கு வந்தார். "பொட்டப்புள்ளைக்கு முக்கியமா அதாங்க. படிச்சது இன்னான்னா, டக்குனு ஒரு பேரு சொல்லணும். கேக்குறவன் மறுபடியும் இன்னான்னு கேக்கக் கூடாது."

"சரிதான்" என்றான் செல்வன்.

"இல்லீங்களா?"

"சரிதாங்க."

சிற்சபேசன் ஒரு கட்டுத் தாளை மிஷினில் ஏற்றிக்கொண்டே, "என்ன செல்வா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

செல்வன் திரையைப் பார்த்தான். தன்னைப் போல இருபத்தேழு வயதாகும்போது ஸ்ரீமதி எங்கே இருப்பாள் என்று யோசித்தான். அவன் தங்கியிருக்கிற அம்மாபேட்டை அறையில் அவளை மூன்று பேரோடு வைக்க முடியவில்லை. இந்தத் தடுப்புக்குள்ளும் வைக்க முடியவில்லை. பெண்ணுக்கு இதுகூடக் கிடைக்காது. முதுநகர் வீட்டில்தான் வைக்க முடிந்தது. கெமிக்கல் வாடை போகாத ராஜவேலின் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்துக்கொண்டு, அல்லது ராஜவேலைப் போன்ற இன்னொருவருடைய சட்டையை. கேட்பவர்களிடமெல்லாம் மொழியியல் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டு. அவனுக்குப் பதினேழு வயதில் இதையெல்லாம் சொல்ல ஒரு மாமா இருந்திருந்தால் என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வந்த எண்ணம் போகவில்லை.

சுட்டியை முதல் விருப்பத்தின் மேல் கொண்டு போனான். பட்டியல் இறங்கியது. வணிகவியல். இரண்டாம் விருப்பம், கணினிப் பயன்பாட்டியல். மூன்றாம் விருப்பத்தில் மொழியியலை வைத்தான். எடுத்துவிடவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். இருக்கிறதே. மூன்றில் ஒன்றாக இருக்கத்தான் இருக்கிறது. அவளுடைய மதிப்பெண்ணுக்கு முதல் விருப்பத்தைத் தாண்டி யாரும் வாசிக்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். நாலு வருடமாக அவன் செய்கிற வேலை அதுதான்.

பெற்றோர் செல்பேசி எண் என்கிற கட்டத்தில் அக்காவின் எண் இருந்தது. இடம் ஒதுக்கிய செய்தி அதற்குத்தான் போகும். அதை அழித்துத் தன் எண்ணை அடித்தான். அக்காவின் ஃபோனில் எப்போதும் சார்ஜ் இருக்காது.

ஸ்ரீமதி வந்தாள். ஸ்டுடியோக்காரர் பவுடர் கொடுத்திருந்தார் போல. நெற்றியில் வெள்ளையாக நின்றது. தலையைப் புதிதாக வாரியிருந்தாள். கொளஞ்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் அவருக்குப் பின்னால் கனிமொழியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார்கள்.

"கண்ண மூடிட்டேன்னு ரெண்டு தடவ எடுத்தாரு மாமா. மெயில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கடைசியா என்ன பாப்பா போட்டிருக்க?" என்றார் சிற்சபேசன், ஒரு கட்டுத் தாளைத் தட்டி நேராக்கியபடி.

ஸ்ரீமதி வாயைத் திறந்தாள்.

"எல்லாம் போட்டாச்சு சார்" என்றான் செல்வன்.

கொளஞ்சி மெல்லத் தலையை ஆட்டினார், சக தொழில்காரரைப் பார்ப்பது போல. சிற்சபேசன் தாளைத் தட்டுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி தட்டினார். வெளியே தேருக்குத் தண்ணீர் தெளிக்கிற லாரி போனது. ஈர மண்ணின் வாசனை கடைக்குள் வந்து, மிஷினின் சூட்டில் கலந்து நின்றது.

"மாமா, நா ஒரு தடவ பாக்கவா?" என்றாள் ஸ்ரீமதி.

"போட்டோ ஏறட்டும்" என்றான்.

கடைசி நாள் என்பதால் மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது. நீல வட்டம் சுற்றியது. திரையில் சதுரமான வெற்றிடத்துக்குள் படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கீற்றாக இறங்கிவந்தது. முதலில் வாரிய தலை. நடு வகிடு. பவுடர் நின்ற நெற்றி. பிறகு புருவம், அகலத் திறந்து வைத்திருந்த இரண்டு கண்கள். மூக்குவரைக்கும் வந்து படம் நின்றுவிட்டது. செல்வன் சுட்டியில் கையை வைத்தபடி காத்திருந்தான். அதற்குக் கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாகவே இருந்தது.